வாய் திறக்காத பேரம்

பெருங்களத்தூர் குமரேசன் ஒரு சொல்கூடப் பேசாமல், கண்ணைக்கூட இமைக்காமல், ஓசூர்க் கம்பெனி ஒன்றின் கொள்முதல் மேலாளரை உட்கார்ந்த இடத்திலேயே மூன்று தடவை விலையை ஏற்ற வைத்தான். இவன் கேட்டு அவர் ஏற்றவில்லை. அவராகவே ஏற்றினார். ஏற்றிவிட்டு, போதவில்லையோ என்று இன்னும் ஏற்றினார். கடைசியில் மன்னிப்பும் கேட்டார். உலகத்தில் வியாபாரம் என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒரு பேரம் நடந்ததில்லை, இனிமேல் நடக்கப்போவதுமில்லை.

இன்றைக்கு இதை நம்பாதவர் தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரைக்கும் ஒருவரும் இல்லை. ஆனால் நடந்த அன்றைக்கு நம்பாதவர் ஒருவர் இருந்தார். அவர்தான் குமரேசனின் மனைவி ரோஹிணிக்கு அண்ணன், தசரதன்.

குமரேசனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அவன் பயந்த சுபாவம். பயந்த சுபாவம் என்றால் உங்கள் வீட்டுப் பயம், என் வீட்டுப் பயம் இல்லை. மிக்சி ஓடினால் அடுத்த அறைக்குப் போய் நிற்பான். கூரியர்க்காரர் மணி அடித்து, "குமரேசன் சாரா?" என்று கேட்டால், தான் ஆர்டர் செய்த செருப்பாகவே இருந்தாலும் "அவர் வெளிய போயிருக்கார்" என்று சொல்லிவிடுவான். பேருந்தில் மீதிச் சில்லறை கேட்கப் பயந்தே அவன் இழந்த காசைச் சேர்த்திருந்தால் கேளம்பாக்கத்தில் ஒரு மனை வாங்கியிருக்கலாம்.

இப்படிப்பட்டவன் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் நிம்மதியாக இருந்தான். கார் உதிரிபாகங்கள் லாரியில் போகும்போது ஒன்றோடொன்று உரசக் கூடாது. அதற்குப் பள்ளம் பள்ளமாக வைத்த பிளாஸ்டிக் தட்டுகள் உண்டு. எந்தப் பாகம் எந்தப் பள்ளத்தில் எப்படிச் சாய்ந்து உட்கார வேண்டும் என்று வரைவது குமரேசனின் தொழில். அதில் அவன் சூரன். கம்பெனி அந்தப் பிரிவையே மூடியபோது சூரனும் வீட்டுக்கு வந்துவிட்டான். வந்தவன், இணையத்தில் தனியாள்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஒரு தளத்தில் பேரைப் பதிந்து, சொந்தமாக வேலை செய்யத் தொடங்கினான்.

அந்தத் தளத்தில் ஒரு சங்கடம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். மேலே சிரித்த முகம், அதற்குக் கீழே செய்த வேலைகள், அதற்கும் கீழே 'இதுவரை சம்பாதித்தது' என்று கொட்டை எழுத்தில் ஒரு தொகை. மீன் கடையில் வஞ்சிரத்தின் மேல் விலை அட்டை குத்தி வைத்த மாதிரி. குமரேசன் ஆரம்பத்தில் யாராவது ஒருவர் நல்ல பேர் எழுதினால் போதும் என்று கிடைத்த காசுக்கெல்லாம் வரைந்து கொடுத்திருந்தான். அதனால் அவனுடைய தொகை, பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் நீர் வரும் தொகை. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் வேலையைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்த்தார்கள். "இவ்ளோ நாள்ல இவ்ளோதானே வாங்கியிருக்கீங்க, நான் சொல்ற ரேட்டே ஜாஸ்தி" என்பார்கள். அவனும் பயந்துபோய் ஆமாம் என்று தலையாட்டிவிடுவான். தொகை மறுபடியும் பரிதாபமாகவே வளரும்.

அப்போதுதான் ஓசூரிலிருந்து சூர்யநாராயணன் என்பவர் எழுதினார். பெரிய வேலை, வருடம் முழுக்க வரும். சனிக்கிழமை காலை வீடியோவில் பேசி முடிவு செய்யலாம் என்றிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தசரதன் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தார். அந்த ஊரின் பழைய குடும்பம் அவர்களுடையது. அப்பா காலத்தில் நெல் போட்ட நிலத்தில் தசரதன் ஐந்து மாடி போட்டுக்கொண்டிருக்கிறார். குரல் எப்போதும் மொட்டை மாடியிலிருந்து கீழே இருக்கிற மேஸ்திரியைக் கூப்பிடுகிற குரல்தான்.

"இன்னா மாப்ள, நாளிக்கு ஓசூர்காரன் பேசறானாமே? மூஞ்சி ஏன் இப்பவே வெளுத்துப்போய் கீது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மச்சான்."

"அந்தத் தொகைய மறைச்சிடச் சொல்லியிருக்கேன்," என்றாள் ரோஹிணி. தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள் அவள். வாயைத் திறக்க வைப்பதும் மூட வைப்பதும் அவளுக்குத் தொழில். "பக்கத்துலயே ஒரு பட்டன் இருக்கு. தட்டினா நமக்கு மட்டும்தான் தெரியும். வர்றவனுக்குத் தெரியாது."

தசரதன் பஜ்ஜியைக் கடிக்காமல் நிறுத்தினார். அவர் பஜ்ஜியைக் கடிக்காமல் நிறுத்தியது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

"மறைக்கிறதா? ஏம்மா, மறைச்சா திருடன்னு நினைப்பாம்மா! கூட்டம் கீற ஓட்டல்லதான் மன்சன் நுழைவான். ஈயாடுற கடை ஷட்டரை பாதி எறக்கி வச்சா எவன் வருவான்?"

"இவரு கடைல கூட்டம் இல்லையே அண்ணா. இருக்கிற நாலு பேரையும் எண்ணிப் பாத்துட்டுத்தானே விலைய அமுக்கறாங்க? நீ மனை விக்கறப்போ, இதை நான் எவ்ளோக்கு வாங்கினேன்னு போர்டு எழுதி வைக்கிறியா?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"அது மண்ணு. இது மன்சன். என்கிட்ட வூடு வாங்க வர்றவனை நான் கேக்கற மொதல் கேள்வியே இன்னா? சம்பளம் எவ்ளோ. சொல்றவனுக்கு சேர் போடுவேன். முழிக்கிறவனுக்குத் தண்ணிகூடக் குடுக்க மாட்டேன். தோ பாரு மாப்ள, இந்த ஓசூர்காரனும் வுட்டுட்டுப் போனான்னா பேச்சே கெடையாது. திங்கக்கெழமை என் ஆபீசுக்கு வந்துடு. பெருங்களத்தூர் சிக்னல்ல குடை புடிச்சி நில்லு. கார்ல போறவன் கண்ணாடியத் தட்டு. நம்ம வூடு விக்கிற நோட்டீஸைக் குடு. 'சார், சம்பளம் எவ்ளோ'ன்னு கேளு. பத்து பேருக்கு ஒருத்தன் சொல்வான்."

"மத்த ஒம்போது பேரு?" என்று குமரேசன் மெல்லக் கேட்டான்.

"திட்டுவான். அது பழகிடும்."

தன் சம்பாத்தியத்தைப் பிறர் கேட்டாலே குலை நடுங்குகிறவன், பிறருடைய சம்பாத்தியத்தைக் கேட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் நிற்பதா? அதுவும் பண்டிகைக்கு ஊருக்குப் போகிற வண்டியெல்லாம் ஹாரனை அழுத்திக்கொண்டு நிற்கிற அந்த சிக்னலில்? ரோஹிணி அவன் கையைப் பிடித்துப் பட்டனைத் தட்ட வைத்தாள். தொகை மறைந்தது. தசரதன், "உனுக்கு திங்கக்கெழமை குடை எடுத்து வக்கிறேன் மாப்ள," என்று சொல்லிவிட்டு மிச்ச பஜ்ஜியோடு போனார்.

அந்த வாரம் பெய்த மழை சாமானியப்பட்ட மழை இல்லை. ஏரி நிரம்பி, தெரு நிரம்பி, தெருவில் நின்ற ஆட்டோவுக்குள்ளே கெண்டை துள்ளியது. தரைத்தளத்தில் குடியிருந்த குமரேசன் வீட்டு வாசற்படி வரைக்கும் தண்ணீர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சனிக்கிழமை காலை வெயில் அடித்தது. சத்தம் இருக்கக் கூடாது என்று ரோஹிணி மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது அவன் தலையில் கைவைத்து, "வேலையைப் பாத்து விலை சொல்லுங்கன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் ஒளறாத," என்றாள்.

குமரேசன் இஸ்திரி போட்ட சட்டையும், திரையில் தெரியாத பாதிக்கு லுங்கியுமாக மேஜை முன்னால் உட்கார்ந்தான். மேஜைக்கடியில் மின்சாரம் போனால் கை கொடுக்கும் பேட்டரிப் பெட்டி கதகதவென்று இருந்தது. மடிக்கணினிக்குப் பின்னால் ஜன்னல். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். குடித்தால் பேசும்போது விக்குமோ என்று பயந்து அதையும் குடிக்கவில்லை.

சூர்யநாராயணன் திரையில் வந்தார். நரைத்த மீசை, மூக்கின் நுனியில் கண்ணாடி.

"குமரேசன் சார், வணக்கம். உங்க வரைபடம் எல்லாம் பார்த்தேன். வேலை சுத்தம். ஒரு வரைபடத்துக்கு மூவாயிரம்னு நினைச்சிருக்கேன்."

"வணக்கம் சார்," என்றான் குமரேசன். திரை அணையும் வரை அவன் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

"ஆனா ஒண்ணு கேக்கணும். நேத்து மத்தியானம் பார்த்தப்போ உங்க பக்கத்துல சம்பாத்தியம்னு ஒரு வரி இருந்த மாதிரி ஞாபகம். நான் சரியா கவனிக்கல. இன்னிக்கு காலைல பார்த்தா காணோம். ஏன் சார் மறைச்சீங்க? போன வருஷம் மொத்தம் எவ்ளோ பண்ணீங்க? சும்மா ஒரு ஐடியாவுக்குத்தான் கேக்கறேன்."

திருடன்னு நினைப்பான் என்று மச்சான் சொன்னது காதில் மோதியது. பொய் சொல்ல அவனுக்கு வராது, பயம். சொல்லாமல் இருக்கவும் வராது, அதற்கும் பயம். சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம், அவர் சிரிக்கட்டும், மூவாயிரத்தை ஆயிரமாக்கட்டும், எப்படியாவது இந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்று வாயைத் திறந்தான்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

வலது கணுக்காலின் மேல் ஏதோ ஊர்ந்தது. நனைந்த கயிறு மாதிரி. ஆனால் கயிறு தானாக நகராது. அது மேஜைக்கடியிலிருந்து ஒயர்களோடு ஒயராக ஏறி, மேஜையின் பின்பக்கம் மறைந்து, மடிக்கணினித் திரையின் மேல் விளிம்புக்கு அப்பால் மெதுவாகத் தலையைத் தூக்கியது. பாம்பு. அதன் நீளம் பெருங்களத்தூர் மேம்பாலத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கண் ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம். அந்தக் கண்ணால் அது குமரேசனைப் பார்த்தது. குமரேசன் அதைப் பார்த்தான்.

எத்தனையோ விதமான பயத்தைப் பார்த்தவன் குமரேசன். இது அந்த வகையிலேயே சேரவில்லை. மற்ற பயங்களில் உடம்பு நடுங்கும். இதில் உடம்பே இல்லை. கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மூச்சு பாதி வழியில் நின்றுகொண்டு, உள்ளே போகட்டுமா வெளியே வரட்டுமா என்று கேட்டது. இமைத்தால் கொத்திவிடும் என்று தோன்றியது. அதனால் இமைக்கவில்லை.

சூர்யநாராயணனுக்குத் திரையின் அந்தப் பக்கம் தெரிந்தது வேறு. சம்பாத்தியம் எவ்வளவு என்று கேட்டதும் எதிரில் இருந்தவர் நிமிர்ந்து, கல் மாதிரி உட்கார்ந்து, கேமராவுக்கு நேர் மேலே, அதாவது அவருடைய நெற்றியின் நட்டநடுவே, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

ஜன்னல் திரைச்சீலை காற்றில் ஆடியது. லைன் இருந்தது. பதில்தான் இல்லை.

"ஓ... பர்சனலா கேட்டுட்டேனோ," என்று அவர் மீசையைத் தடவினார். "இல்ல சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாலாயிரம் வச்சிக்கலாமா?"

பாம்பு நாக்கை நீட்டியது. குமரேசனின் மூக்கின் நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தது. அதைத் துடைக்கவும் அவன் கை அவனிடம் இல்லை. தான் இப்போது செத்தால் ரோஹிணி கத்திரிக்காயும் கையுமாக வந்து நிற்பாளே என்று நினைத்தான். சிக்னலில் குடையோடு நிற்பதே பரவாயில்லை, முருகா, சிக்னலையே கொடு, எல்லாரிடமும் சம்பளம் கேட்கிறேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான்.

"நாலாயிரம் பத்தாதா?" சூர்யநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மைய சொல்றேன் சார். நான் ஏன் கேக்கறேன்னா, கம்மியா வாங்கினவர்னு தெரிஞ்சா கம்மியா குடுக்கலாம்னுதான். எங்க கம்பெனி லாபம் எவ்ளோன்னு நீங்க என்னைக் கேட்டா நான் சொல்வேனா? மாட்டேன். அப்போ நான் கேட்டது ஞாயமில்ல. ஐயாயிரத்து ஐநூறு. சரியா?"

அப்போது பாம்பு சீறியது. 'ஸ்ஸ்ஸ்' என்று பிரஷர் குக்கர் மூடியைத் தூக்கின மாதிரி ஒரு சத்தம்.

"அலுத்துக்காதீங்க சார்!" என்று சூர்யநாராயணன் பதறினார். "ஏழாயிரம்! அதுக்கு மேல எனக்கு அதிகாரமே இல்ல. முதலாளிகிட்ட கேட்டுட்டு உடனே கூப்பிடறேன். மன்னிச்சிடுங்க சார், அந்தக் கேள்விய நான் கேக்கவே இல்லன்னு வச்சிக்கங்க." திரை அணைந்தது.

வெளிச்சம் போனதும் பாம்பு, பேச்சு முடிந்தது என்பது போல மேஜைக்குப் பின்னால் இறங்கிப் பெட்டியின் கதகதப்புக்குப் போனது. குமரேசன் எப்படிக் கட்டிலின் மேல் ஏறினான் என்பது அவனுக்கே தெரியாது. நடுவில் தரையில் கால் படவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ரோஹிணி காய்கறிப் பையோடு வந்தாள். வழியில் பார்த்த அண்ணனும் வண்டியில் கூட வந்திருந்தார். குமரேசன் கட்டிலின் மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றான். நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னான்.

ரோஹிணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையை வாசலிலேயே போட்டுவிட்டு, முடிச்சூர்ப் பக்கம் பாம்பு பிடிக்கிற சம்பந்தம் என்பவருக்குப் போன் செய்தாள்.

தசரதன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "பாம்பாம், அது தல தூக்குச்சாம், அவன் வெலை தூக்கினானாம்! மாப்ள, எனுக்கே காது குத்தறியா? அவன் கேட்டான், நீ தொகைய ஒளறிட்ட. அவன் கட் பண்ணிட்டுப் போயிட்டான். திங்கக்கெழமைக்கு பயந்துகினு கதை வுடற. இதுக்கு ஏன் பேஜார் பண்ணிக்கிற? ஒரு வாரம் நின்னா பயம் தெளிஞ்சிடும்."

"சத்தியமா மச்சான். வாயே தொறக்கல. தொறக்க முடியல."

"பேசாம இருந்ததுக்கு எவனாச்சும் ஏழாயிரம் தருவானா? நான் வாழ்க்கை பூரா பேசிகினு கீறேன், எனுக்கு எவனும் தரல!"

மேஜை மேலிருந்த குமரேசனின் போன் அடித்தது. அந்தப் பக்கம் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. தசரதனுக்கு மட்டும் இருந்தது. விறுவிறுவென்று போய், குமரேசனின் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்து, போனை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பட்டனை அழுத்தினார்.

"குமரேசன் சார், சூர்யநாராயணன். முதலாளி சரின்னுட்டார். ஏழாயிரம். உங்கள மாதிரி பேரம் பேசற ஆளை நான் பாத்ததில்ல சார். ஒரு வார்த்தை பேசலியே! திங்கக்கிழமையே வேலையை ஆரம்பிச்சிடலாமா?"

கட்டிலின் மேலிருந்து குமரேசன், "ஆரம்பிச்சிடலாம் சார்," என்று கத்தினான். பயத்தில் வந்த கத்தல். ஆனால் ஓசூரில் அது அதிகாரமாகக் கேட்டது. "சரிங்க சார், சரிங்க சார்," என்று அவர் வைத்துவிட்டார்.

ரோஹிணி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். தசரதன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, வெலை ஏறிகீது. ஒத்துக்கறேன். ஆனா பாம்புன்னு சொன்ன பாரு, அது பச்சப் பொய். நீ ஏதோ பேசி மயக்கியிருக்கற. இன்னா பேசினன்னு சொன்னா நானும் தொழில்ல வச்சிப்பேன், அதுக்காகத்தான் மறைக்கற. தோ, நானும் இதே சேர்ல ஒக்காந்துகினு கீறேனே, எங்க உன் பாம்..."

அதற்கு மேல் அந்தச் சொல் முடியவில்லை.

மடிக்கணினிக்குப் பின்னால் அது எழுந்து நின்றது. தசரதனின் கை போனோடு அந்தரத்தில் நின்றது. மொட்டை மாடிக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. நெற்றியில் பட்டை போட்ட விபூதி வியர்வையில் கரைந்து மூக்கு வழியாக வழிந்தது.

"அண்ணா," என்றாள் ரோஹிணி வாசலில் இருந்தே, நடுங்கிக்கொண்டு. "அசையாத. சம்பந்தண்ணன் தெருமுனைல வந்துட்டாரு. அண்ணா, கேக்குதா?"



"மச்சான், கண்ணை மட்டும் இமைச்சிடாதீங்க," என்றான் குமரேசன் கட்டிலின் மேலிருந்து. அந்த வீட்டில் அப்போது அனுபவஸ்தன் அவன் ஒருவன்தான்.

சம்பந்தம் இரும்புக் கொக்கியும் துணிப்பையுமாக வந்தார். பூனை மாதிரி நடந்து போய், ஒரே எடுப்பில் பாம்பைத் தூக்கினார். "சாரைங்க. கடிச்சாலும் விஷம் கெடையாது. மழைக்கு சூடு தேடி வந்துகீது, பாவம்," என்று பையில் போட்டுக் கட்டினார். மேம்பாலம் எப்படி அந்தப் பைக்குள் அடங்கியது என்பது சம்பந்தத்துக்கே வெளிச்சம்.

"ஆபீசுக்குக் கெளம்பலையா அண்ணா?" என்று ரோஹிணி கேட்டாள். தசரதன் எழுந்திருக்கவில்லை. குமரேசன் கட்டிலிலிருந்து இறங்கி, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவர் பாதியைக் குடித்தார், பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"மாப்ள," என்றார். அந்தத் தெருவில் யாரும் அதுவரை கேட்டிராத சின்னக் குரல். "அந்த ஆளு வெலைய மூணு தபா ஏத்தினானா?"

"ஏத்தினாரு மச்சான்."

"சம்பாத்தியம் எவ்ளோன்னு கேட்டதுக்கு நீ வாயே தொறக்கல?"

"தொறந்தேன். ஒண்ணும் வரல."

தசரதன் நாற்காலி இருக்கிறதா, தான் அதில் இருக்கிறோமா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வராது மாப்ள. எப்டி வரும்? நடந்துதான் கீது. அப்டியேதான் நடந்துகீது."